தபால் பெட்டியடியில் நின்றவர்

அவருடைய பெயரை எழுத மாட்டேன். எழுதலாமா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேளாமல் எழுதினாலும் கோபிக்க மாட்டார். "பரவாயில்லை அண்ணை" என்பார். அந்தப் பரவாயில்லையை ஒருமுறை வாங்கியவன் நான். இரண்டாம் முறை வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் காணிப் பதிவுக் கந்தோரில் பதினான்கு வருடம், ரொறன்ரோவில் ஒரு நகராட்சியின் அனுமதிப்பத்திரக் கவுண்டரில் இருபது வருடத்துக்கு மேல். வேலி போட எந்தப் படிவம், மரம் தறிக்க எந்தப் படிவம், எத்தனை பிரதி, எந்த மூலையில் கையெழுத்து என்பதை நித்திரையிலும் சொல்லுவேன். என் மனைவி அதைக் கேட்டிருப்பதாகச் சொல்கிறாள். இப்படிப்பட்ட நான், அனுமதி கேட்பதில் கண்ட ஒரே நிபுணர், மில்லிக்கனில் என் பக்கத்து வீட்டில் இருந்த அந்தப் பெண்மணிதான். அவருக்கு ஒரு படிவத்தையும் நேராக நிரப்பத் தெரியாது.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் வேலி இல்லை. நான் அவருடைய புல்தரையைக் குறுக்கே கடந்து பக்கக் கதவில் தட்டுவேன். ஏழு எட்டு வைத்தால் போதும். அவருக்கு எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை நாலு இலை வேண்டுமென்றால், தன் வாசலால் இறங்கி, நடைபாதையால் சுற்றி, எங்கள் ட்ரைவ்வேயின் அடியில் வந்து நின்று கூப்பிடுவார். கறிவேப்பிலைச் சாடி அவருடைய கை எட்டும் தூரத்தில் இருக்கும்.

"புடுங்கிக்கொண்டு போறதுதானே அக்கா" என்று என் மனைவி கத்துவாள்.

"ஓம் எண்டு சொல்லுங்கோவன், புடுங்கிறன்."

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஸ்டீல்ஸ் வீதிக்குத் தெற்கே எங்கள் வீடுகள், வடக்கே சோளம். வருடா வருடம் சோளத்தில் ஒரு துண்டு காணாமல் போய், அந்த இடத்தில் வீடுகள் முளைத்தன. அவர் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர், ஐம்பதைத் தாண்டியவர், ஒரு பாண் தொழிற்சாலையில் பொதி கட்டுபவர். கணவர் வாரக் கடைசியில் நித்திரை கொள்வதைக் கடமையாகச் செய்தவர். ஒரு சனிக்கிழமை, ரூஜ் பக்கம் யாரோ கராஜில் பழைய சாமான் விற்கிறார்கள் என்று குக்கர் வாங்கப் போன இந்தப் பெண்மணி, நீளத் தடியின் நுனியில் தட்டுப் பூட்டிய ஒரு மெற்றல் டிற்றெக்டரோடு திரும்பி வந்தார். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கூவும் கருவி. எங்கள் தெருவில் அதற்குப் பெயர் மெசின்.

"தொட்டுப் பாக்கலாமோ எண்டு கேட்டனான் அண்ணை. அந்த மனிசனுக்குச் சிரிப்பு. காலமை துவக்கம் எல்லாரும் தொட்டுத் தொட்டு வைச்சிட்டுப் போயிட்டினமாம், கேட்டது நான் ஒராள்தானாம். பாதி விலைக்குத் தந்திட்டார்."

பிறகு என்னைக் கேட்டார்: "இதை எங்க கொண்டுபோய்ப் பிடிக்கலாம்?"

வாழ்நாள் முழுவதும் நான் காத்திருந்த கேள்வி. நாற்பது நிமிடம் பதில் சொன்னேன். பூங்காவுக்கு நகராட்சியின் எழுத்து அனுமதி வேண்டும். பள்ளிக்கூடத் திடலுக்குப் பள்ளிச் சபை. ரயில் பாதை ஓரத்தை நினைத்தும் பார்க்கக் கூடாது. மயான நிலம், காப்புக் காடு இரண்டும் கூடாது. தனியார் காணிக்குச் சொந்தக்காரரின் சம்மதம், முடிந்தால் எழுத்தில், இரண்டு சாட்சிகளோடு.

முழுவதையும் கேட்டார். "அப்ப எல்லா இடமும் ஆரோ ஒராளின்ர இடம்தான்."

"ஓம்."

"நல்லது. கேக்கிறதுக்கு ஒராள் இருக்கு."

இந்த நாட்டின் சொத்துச் சட்டத்தைப் பற்றி இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன வேறு ஒருவரை நான் சந்தித்ததில்லை.

பிளாசாவில் மரக்கறிக் கடை வாசலில் நின்ற ஒருவர் காருக்குள் மெசினைக் கண்டுவிட்டுக் கேட்டார்: "என்னக்கா, மிதிவெடி தேடுறியளோ?"

"ஓம் தம்பி. உம்மட வீட்டு வாசல்ல இருந்து துவங்கட்டே? நீர் ஓம் எண்டால்தான்."

முதல் தடவை கேட்கப் போனபோது நானும் கூடப் போனேன். மொழிபெயர்க்க என்று சொல்லிக்கொண்டேன். வேடிக்கை பார்க்க என்பது உண்மை. ஸ்டீல்ஸுக்கு வடக்கே ஒரு பால் பண்ணை. வீதியோரத்தில் தகரத் தபால் பெட்டி. அங்கிருந்து வீட்டுக்கு நீண்ட சரளைப் பாதை. நான் காரை உள்ளே விடச் சொன்னேன். அவர் வீதியிலேயே நிறுத்தி இறங்கி, தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூப்பிட்டார்.

"வீட்டுக்காரர்! வீட்டுக்காரர்!"

"தங்கச்சி, உது தமிழ்."

"கூப்பிடுறது தெரிய வேணும், அவ்வளவுதானே. படலை இல்லாத வீட்டில எப்பிடிக் கூப்பிடுறது? இந்தப் பெட்டியாவது நிக்குது."

ஒரு நாய் வந்து குரைத்தது. அவர் நாயிடமும் மரியாதையாக விசாரித்தார். இருபது நிமிடம் கழித்து ட்ரக்டரில் ஒரு கிழவர் வந்தார். எழுபது வயதிருக்கும். சிவந்த கழுத்து, நீல மேலங்கி. கார் பழுதா என்று கேட்டார்.

"நோ மிஸ்டர். கார் குட். திஸ் யுவர் லாண்ட். ஐ ஆஸ்க் ஃபர்ஸ்ட்."

கிழவர் என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்றார். சொன்னேன். இந்தப் பாதைக்குள் வருகிறவர்கள் எல்லோரும் காணி வாங்கும் கம்பனிக்காரர்கள், கதவுவரை காரிலேயே வந்து என் புல்லை மிதித்துக்கொண்டு இறங்குவார்கள் என்று சொல்லி, அறுவடை முடிந்த வயலைக் கையால் காட்டினார். போங்கள் என்று அர்த்தம்.

காரில் திரும்பும்போது அவரிடம் கேட்டேன், ஏன் இந்தப் பாடு என்று.

"ஊரில கேக்காமல் உள்ள வந்தவையைக் கண்டு களைச்சுப்போனன் அண்ணை" என்றார். பிறகு வடையைப் பற்றிக் கதைத்தார்.

அனுமதி வாங்குவது ஒரு நாள் வேலை, அதை வைத்திருப்பதுதான் வேலை என்பது அவருடைய கொள்கை. ஒருமுறை கிடைத்த சம்மதம் அந்த ஒருமுறைக்குத்தான். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் தபால் பெட்டி, மறுபடியும் "வீட்டுக்காரர்!" பயிர் நிற்கும்போது வயலில் கால் வைக்க மாட்டார். திறந்திருந்த கேற்றைத் திறந்தபடி, மூடியிருந்ததை மூடியபடி விட்டுப் போவார். தோண்டும்போது புல்லைச் சட்டி மூடிபோல முழுதாகத் தூக்கி, வேலை முடிந்ததும் அப்படியே மூடி, மேலே கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். எங்கே தோண்டினார் என்று பத்து நிமிடத்துக்குப் பிறகு அவருக்கே தெரியாது.

போகுமுன் அன்று எடுத்த அத்தனையையும் ஒரு பிளாஸ்ரிக் தட்டத்தில் பரப்பிக் கிழவருக்குக் காட்டுவார். ஆணிகள், பியர் போத்தல் மூடிகள், ஒரு லாடம், சட்டைத் தெறிகள். "ஆல் யுவர்ஸ் மிஸ்டர்." கிழவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். இது அப்பாவின் கலப்பையில் இருந்தது என்பார், இது எந்தக் குதிரையுடையது என்று யோசிப்பார். தட்டத்தில் மிஞ்சியதைத்தான் இவர் கேட்டு எடுத்துக்கொள்வார். பெரும்பாலும் பியர் மூடிகள்.

ஒரு நாள் பழைய செப்புச் சதம் ஒன்று வந்தது. துடைத்துப் பார்த்தவர் வயலின் நடுவில் நின்று கத்தினார். "அண்ணை, ஓடியாங்கோ! இந்தத் தாடிக்கார ராசா எங்கட சதத்திலயும் இருந்தவர்! இங்கயும் வந்திருக்கிறார்!" ஊரில் இறந்த பெரியப்பாவை இங்கே பஸ்ஸில் கண்டவர்போல அவ்வளவு மகிழ்ச்சி. கிழவர் அதை அவருக்கே கொடுத்துவிட்டார். அது அவருடைய காரில், அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டது.

தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோனியாரிடம் அவருக்கு அசையாத நம்பிக்கை. ஆனாலும் அதிகார எல்லை தெளிவாகப் பிரிக்கப்பட்டிருந்தது. "அந்தோனியார் தேடித் தருவார். உள்ள விடுறது வீட்டுக்காரர்."

எல்லோரும் விட்டுவிடவில்லை. ரூஜ் பக்கத்தில் ஒருவர் வாசலில் நின்றே முடியாது என்று கதவைச் சாத்தினார். இவர் வழக்கமாகக் கொண்டுபோகும் வடைப் பொதியைத் தபால் பெட்டியில் வைத்துவிட்டு வந்தார்.

"இல்லை எண்டவருக்கு ஏன் வடை?"

"இல்லை எண்டு சொல்லுறதும் அவரின்ர உரிமைதானே. அதுக்கு மரியாதை வேண்டாமே?"

மறுவருடம் அந்த மனிதர் தானே வீதிக்கு வந்து கையைக் காட்டிக் கூப்பிட்டார். அனுமதிக்காகவா, வடைக்காகவா என்று நான் ஆராயவில்லை.

இனிப் பால் பண்ணைக் கிழவரின் மணிக் கதை. மூன்றாவது இலையுதிர்காலத்தில், தட்டத்தில் கிடந்த ஆணிகளைப் புரட்டிக்கொண்டு, யாருக்கும் சொல்லாத ஒன்றைக் கிழவர் சொன்னார். வயலின் மூலையில் முன்பு ஒரே அறையுள்ள பள்ளிக்கூடம் இருந்தது. ரீச்சர் கையில் ஒரு பித்தளை மணி. அவர் அதை ஆட்டினால் விளையாட்டு முடிந்தது. ஒன்பது வயதில் கிழவர் அந்த மணியைக் களவெடுத்து, கைப்பம்பியிலிருந்து இருபது எட்டு வைத்துப் புதைத்தார். மணி இல்லாவிட்டால் விளையாட்டு முடியாது என்பது திட்டம். அன்றிரவே பனி கொட்டியது. வசந்தத்தில் போய்த் தோண்டினால் மணி இல்லை. ரீச்சர் ஊதல் வாங்கிக்கொண்டார். பள்ளிக்கூடமும் போய்விட்டது, பம்பி மட்டும் துருப்பிடித்து நிற்கிறது.

"அவ திருப்பிக் கேக்கேல்லையோ?" என்று இவர் தமிழில் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

கேட்கவில்லை, ஆனால் என்னைப் பார்ப்பார் என்றார் கிழவர். காணியை விற்றாயிற்று, நவம்பர் முடிவில் கம்பனியின் கைக்குப் போகிறது, பிறகு புல்டோசர்.

இவர் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். வீட்டு வாசலில் சொன்னார்: "அண்ணை, அந்த மணி எடுத்துக் குடுக்க வேணும். அறுவது வருசமாய் அந்த மனிசன் ரீச்சருக்கு முன்னால நிக்குது."

இரண்டு சனிக்கிழமை தேடினோம். இருபது எட்டுத் தூரத்தில் பம்பியைச் சுற்றி வட்டமாக. ஒன்றும் இல்லை. இந்த இடத்தில்தான் நான் உள்ளே நுழைந்தேன்.

காணி கைமாறும் நேரம் வாய்ச்சொல் நிற்காது என்றேன். கம்பனியின் நில அளவையாளர் வந்து யாரைக் கேட்டு நிற்கிறாய் என்றால் எதைக் காட்டுவீர்கள் என்றேன். அவருக்கு விருப்பமில்லை.

"அவர்தான் ஓம் எண்டு சொல்லிப்போட்டாரே."

"எழுத்தில இருக்க வேணும், தங்கச்சி."

"நீங்கள் படிச்சனீங்கள். அப்ப சரி."

மூன்று இரவு உட்கார்ந்து எழுதினேன். என் வாழ்நாளின் மிகச் சிறந்த ஆவணம். ஆங்கிலத்தில்தான் எழுதினேன், ஆனால் அது யாழ்ப்பாணத்துக் காணி உறுதிப்பத்திரத்தின் ஆங்கிலம். வடக்கே ஓடையும் கிழக்கே வீதியும் தெற்கே இன்னாரின் காணியும் மேற்கே மரவரிசையும் எல்லையாகக் கொண்ட நிலம் முழுவதும், அதற்குள் அடங்கிய மரங்களும், கிணறும், வழி வாய்க்கால் உரிமையும் என்று தொடங்கி, மேற்படி பெண்மணியும் அவருடைய வாரிசுகளும் உட்பிரவேசிக்கலாம் என்று முடித்தேன். வாரிசுகள் இல்லாமல் ஓர் உறுதி முடிவதை நான் கண்டதில்லை. கடைசியில் ஒரு தபால் முத்திரை ஒட்டி, அதன் மேல் கையெழுத்து வைக்கக் கோடும் போட்டேன். ஊரில் அப்படித்தான்.

அவர் அதை இரண்டு கையாலும் கொண்டுபோய்க் கிழவரிடம் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை கிழவர் எனக்கு ரெலிபோன் எடுத்தார். ஏன் என்னுடைய முழுக் காணியும் கிணறும் இதில் இருக்கிறது என்று கேட்டார். ஏன் முத்திரையிலுள்ள அரசியின் முகத்தின் மேல் கையெழுத்து வைக்க வேண்டும் என்றும் கேட்டார். விற்பனையைப் பார்க்கும் வழக்கறிஞர், எதிலும் கையெழுத்து வைக்காதே, காணி கைமாறும்வரை ஒருவரையும் உள்ளே விடாதே என்று சொல்லிவிட்டாராம். நீங்களும் கம்பனிக்காரர்களைப் போலத்தான் என்றார். வைத்துவிட்டார்.

புல்தரையைக் கடந்து போய்ச் சொன்னேன். கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லை அண்ணை."

என் மனைவி அவ்வளவு தயவு காட்டவில்லை. "கவுண்டருக்குப் பின்னால இருந்து மற்றவையைக் கேக்கப் பண்ணினீங்களே ஒழிய, நீங்கள் ஆரிட்டையாவது எதையாவது கேட்டிருக்கிறீங்களே? கலியாணம்கூட உங்கட அப்பர்தான் வந்து கேட்டவர்."

சனிக்கிழமை காலை ட்ரைவ்வேயின் அடியில் குரல். "அண்ணை, வெளிக்கிடுங்கோ."

"எங்க?"

"கேக்க."

"வழக்கறிஞர் சொன்ன பிறகு காணிக்குள்ள கால் வைக்கேலாது."

"வைக்கேல்லை. ரோட்டிலதான் நிக்கப்போறம். ரோட்டு ஆருக்குச் சொந்தம்?"

"பொதுவிடம்."

"நிக்கிறதுக்குப் படிவம் இருக்கோ?"

"இல்லை."

"பிறகென்ன."

தபால் பெட்டியடியில் நின்றோம். இந்த முறை அவர் கூப்பிடவில்லை, நின்றார், அவ்வளவுதான். நவம்பர்க் காற்று என் தொப்பிக்குள் புகுந்து காதுகளைத் தனித்தனியாக விசாரித்தது. ஜன்னல் சீலை ஒருமுறை அசைந்தது. மத்தியானம் திரும்பினோம். அடுத்த சனிக்கிழமையும் நின்றோம். கிழவர் ட்ரக்டரில் பாதி தூரம் வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். நாய் மட்டும் வந்து இவரின் சப்பாத்தை மணந்துவிட்டுப் போனது.

மூன்றாவது சனிக்கிழமைதான் கடைசி. திங்கட்கிழமை காணி கம்பனியுடையது. மண்ணின் மேல்தோல் இறுகத் தொடங்கியிருந்தது. பதினொரு மணியளவில் கிழவர் நடந்தே வந்தார். பாதையின் அந்த முனையில் அவர், இந்த முனையில் நாங்கள்.

இவர் என் முழங்கையில் தட்டினார். "நீங்கள் கேளுங்கோ."

என் கை கோட்டுப் பைக்குள் போனது. அங்கே திருத்திய படிவம் ஒன்று இருந்தது. ஒரே பக்கம், கிணறு இல்லை, முத்திரை இல்லை.

"உதை உள்ள வையுங்கோ அண்ணை. வாயால."

ஆயிரக்கணக்கான ஆட்கள் என் கவுண்டருக்கு முன்னால் நின்று கேட்டிருக்கிறார்கள். அப்படி நிற்பது எப்படி இருந்திருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வெறுங்கையைப் பையிலிருந்து எடுத்தேன். அந்தக் காகிதத்தை எழுதியது நான், அவர் இல்லை என்றேன். எனக்கு அப்படித்தான் எழுதத் தெரியும் என்றேன். உங்கள் மணியைத் தேட அவரை உள்ளே விடுவீர்களா என்று கேட்டேன்.

கிழவர் இவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் எட்டிக் காருக்குள்ளும் பார்த்தார்.

"வாரிசுகள் வரவில்லையா?" என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். இவர் சிரித்த சிரிப்பில் நாய் ஓடிவந்தது. கிழவர் பாதையிலிருந்து விலகி வழி விட்டார்.

பம்பியடியில் போய் நின்றோம். இருபது எட்டு என்று கிழவர் மறுபடியும் வீசி நடந்து காட்டினார். இவர் பார்த்துக்கொண்டு நின்றவர், திடீரென்று கையை உயர்த்தினார்.

"அண்ணை, அவரைக் கேளுங்கோ. களவெடுத்த மணியோட ஆராவது இப்பிடி நடப்பினமோ? கிலுங்கும் எல்லோ! ஒன்பது வயசுப் பெடியன், ஒரு கையால மணியின்ர நாக்கைப் பிடிச்சுக்கொண்டு, பதுங்கிப் பதுங்கியெல்லோ போயிருப்பான்."

மொழிபெயர்த்தேன். கிழவரின் வாய் திறந்தது. பிறகு அவர் தோளைக் குறுக்கி, இல்லாத மணியை வயிற்றோடு அணைத்து, இல்லாத ரீச்சரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, குதிகாலும் விரலும் தொடத் தொட நடக்கத் தொடங்கினார். நாங்கள் மூவருமாகச் சத்தமாக எண்ணினோம். இருபதாவது எட்டு, பம்பிக்கு மிகக் கிட்டவே முடிந்தது. அந்த இடத்தை நாங்கள் தேடாமலே விட்டிருந்தோம். பழைய ஆணியும் இரும்புக் குப்பையும் கிடந்ததால் அங்கே மெசின் ஓயாமல் அலறும்.

இவர் முழங்காலில் இருந்து, ஆணி ஆணியாகப் பொறுக்கத் தொடங்கினார். கிழவரும் இருந்தார். நானும் இருந்தேன், எழும்புவதற்கு இருவர் உதவ வேண்டியிருந்தது என்பது வேறு கதை. தட்டம் நிறைய ஆணி சேர்ந்த பிறகு மெசினை மறுபடி பிடித்தார். இந்த முறை அலறல் இல்லை. ஒரே சீரான, உருண்டையான சத்தம்.

புல்லைச் சட்டி மூடிபோலத் தூக்கினார். ஒரு முழ ஆழத்தில் பச்சை படிந்த பித்தளை. கைபிடி உக்கிப் போயிருந்தது, நாக்கு துருவாகியிருந்தது. மண்ணைத் துடைத்து இரண்டு கையாலும் கிழவரிடம் நீட்டினார். கிழவர் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடிக்கலாமோ மிஸ்டர்? ஐ ரிங்?"

தலையசைத்தார். இவர் தோட்டக் கரண்டியால் மெல்ல ஒரு தட்டுத் தட்டினார். அறுவடை முடிந்த வயல் முழுக்க அது போய் வந்தது. கிழவர் தொப்பியைக் கழற்றி, மேலங்கியை இழுத்துச் சரிசெய்து, வரிசையில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றார். பிறகு மூவரும் வடை சாப்பிட்டோம். போகுமுன் இவர் குழியை மூடி இரண்டு தட்டுத் தட்டினார். திங்கட்கிழமை புல்டோசர் வரப்போகும் நிலத்தில்.

அடுத்த மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எங்கள் தெருவில் மணிச் சத்தம். ஐஸ்கிறீம் வண்டி என்று நினைத்துப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஜன்னல் சீலைகள் விலகின. நானும் எட்டிப் பார்த்தேன். இவருடைய வீட்டுக்கு முன்னால், நடைபாதைக்கு வெளியே, வீதியோரத்தில் கிழவர் நின்றார். கோட்டும் கழுத்துப்பட்டியும். கையில் அந்த மணி, பளபளவென்று மினுக்கி, ஒடிந்த ஹொக்கித் தடியில் செய்த புதுக் கைபிடியும் புது நாக்குமாக. வாசல் கதவில் அழைப்பு மணிக்கான பொத்தான் இருக்கிறது. அவர் அதை நோக்கி ஓர் எட்டும் வைக்கவில்லை. நின்ற இடத்தில் நின்று ஆட்டிக்கொண்டிருந்தார்.

இவர் மாக் கையோடு வெளியே வந்தார். "ஐயோ, மிஸ்டர்! கம், கம்! வாங்கோ!"

கிழவர் அதற்குப் பிறகுதான் ட்ரைவ்வேயில் கால் வைத்தார்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வழக்கம்போலப் புல்தரையால் ஓடினேன். எங்கள் புல் முடிந்து அவருடைய புல் தொடங்கும் இடத்தில், எந்த அளவையாளரும் கல் நாட்டாத அந்த எல்லையில், கால் தானாக நின்றது.

"தங்கச்சி, வரலாமோ?"

அவர் வாசலில் திரும்பிப் பார்த்தார். மாக் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, என்னைக் கொஞ்ச நேரம் நிற்க விட்டார்.

"ஓம் அண்ணை, வாங்கோ" என்றார். "வாரிசுகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."